எடை தூக்கினால் உடம்பு இறுகிவிடுமா? நெகிழ்வும் பலமும் சேர்ந்து வளரும் விதம்

சிங்கப்பூர்ப் பள்ளியில் படித்த யாரிடமும் நாஃபா என்ற உடல்திறன் தேர்வைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைத் திட்டுவார்கள். அடுத்து அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். கால் நீட்டி உட்கார்ந்து, பாதத்தைப் பெட்டியில் பதித்து, முட்டி மடங்காமல் கையை எவ்வளவு தூரம் தள்ள முடிகிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் அளப்பார்களே, அதுதான். அதில் எண் குறைந்தவர்கள் பலர் "நமக்கு உடம்பு வளையாது" என்று அன்றே முடிவுகட்டிவிட்டு, வளர்ந்தபின் டம்பெல் பக்கம் போய்விடுகிறார்கள். நன்றாக எட்டியவர்கள் யோகா, நடனம் என்று இன்னொரு பக்கம்.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கொஞ்சம் சந்தேகத்துடன்தான் பார்க்கும். சமூக மன்றத்து யோகா வகுப்பில், "வெயிட் தூக்காதீங்கக்கா, உடம்பு கட்டையாப் போயிடும்" என்பார்கள். உடற்பயிற்சிக் கூடத்திலோ, "ஸ்ட்ரெட்ச் பண்ணா பலம் போயிடும் ப்ரோ" என்று ஒரு தம்பி அடித்துச் சொல்வார். இரண்டாவது பேச்சில் சிறிதளவு உண்மை இருக்கிறது; அதைப் பிறகு பார்ப்போம். முதலாவதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை.

எடை தூக்குவதும் நெகிழ்வை வளர்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்பது என் கட்சி. அதைப் புரிந்துகொள்ள, உடம்பு ஏன் ஓர் இடத்தில் "போதும், நிறுத்து" என்று சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தடுப்பது தசையா, நரம்பா?

குனியும்போது தொடையின் பின்புறம் இழுக்கிறது. உடனே "தசை குட்டையாக இருக்கிறது, இழுத்து இழுத்து நீளமாக்க வேண்டும்" என்று நினைக்கிறோம். ஆனால் சில வாரங்கள் நீட்சிப் பயிற்சி செய்தவர்களை ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. தசையின் நீளமோ விறைப்போ பெரிதாக மாறியிருக்கவில்லை. முன்பு "ஐயோ, போதும்" என்று நிறுத்திய அதே இழுவையைத் தாண்டியும் அவர்களால் தாங்க முடிந்தது, அவ்வளவுதான். மாறியது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் சகிப்பு.

தசைக்குள் அதன் நீளத்தையும், நீளும் வேகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய உணர்விகள் உண்டு. தசை திடீரென நீண்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும்; தசை தானாகவே சுருங்கிக்கொள்ளும். மருத்துவர் முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவது இதனால்தான். அதற்கு மேல் மூளையின் கணக்கு வேறு இருக்கிறது: இந்தக் கோணத்தில் தசைக்குப் பலம் உண்டா, பழக்கம் உண்டா, ஏதாவது ஆனால் திரும்பி வர முடியுமா? பேரப்பிள்ளை படியில் நன்றாகக் கால் ஊன்றுகிறதா என்று பார்த்த பிறகே பிடித்த கையை விடும் பாட்டியின் கணக்கு அது. பலம் இருக்கிறது என்று நிரூபித்தால் பிடி தளரும். வெறுமனே இழுத்துக்கொண்டே இருந்தாலும் தளரும்தான், ஆனால் அந்தக் கோணத்தில் நீங்கள் எதையும் தூக்கவோ தாங்கவோ முடியாது.

இதை வீட்டுத் தரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுங்கள். ஒரு காலைத் தரையோடு நேராக வைத்துக்கொண்டு, மற்றக் காலை முட்டி மடங்காமல், கை உதவி இல்லாமல், எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு தூக்குங்கள். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்து, மெதுவாக முகத்தை நோக்கி இழுங்கள். கால் இன்னும் மேலே வரும்.

துண்டு கொண்டுவந்த உயரம் உங்கள் உடம்பு அனுமதிக்கும் எல்லை. துண்டு இல்லாமல் எட்டிய உயரம் உங்கள் சொந்தப் பலம் ஆளும் எல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நெகிழ்வு இருக்கிறது, ஆனால் கட்டுப்பாடு இல்லை. பேருந்துப் படியில் கால் வழுக்கும்போதோ, கனமான பெட்டியைத் தரையிலிருந்து தூக்கும்போதோ, துண்டைப் பிடித்து இழுக்க யாரும் வரப்போவதில்லை. இடைவெளி பெரிதாக இருந்தால் உங்களுக்குத் தேவை மேலும் நீட்சி அல்ல. அந்தக் கடைசிக் கோணங்களில் பலம். இரண்டு உயரமும் குறைவாக, கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் நீட்சி, எடை இரண்டுமே உதவும்.

பரதநாட்டிய ஆசிரியைகளுக்கு இதெல்லாம் புதிதல்ல. சிங்கப்பூரில் 1949இல் நுண்கலைக் கழகமும் 1952இல் பாஸ்கர் நாட்டியப் பள்ளியும் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அரைமண்டியில் தொடை நடுங்க நின்றிருக்கிறார்கள். முட்டிகள் பக்கவாட்டில் திறந்திருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், அப்படியே நின்று அடவு முடிய வேண்டும். இடுப்பு திறப்பதும் அந்தத் திறப்பில் பலம் ஏறுவதும் அங்கே தனித்தனிப் பாடமாக நடப்பதில்லை.

எடையே நெகிழ்வைத் தருமா?

தரும், முழு வீச்சில் தூக்கினால். நீட்சிப் பயிற்சியையும் பலப் பயிற்சியையும் ஒப்பிட்ட 11 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2021இல் வெளிவந்தது. மூட்டின் அசைவு வீச்சைக் கூட்டுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. எடை தூக்குகிறவர் யோகா வகுப்புக்குப் போகாமலே கொஞ்சம் நெகிழ்வார் என்பதே இதன் பொருள். ஆனால் அவர் எப்படித் தூக்குகிறார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

பாரில், அதாவது எடைத் தட்டுகளை மாட்டும் இரும்புத் தண்டில், தட்டுக்குமேல் தட்டாக ஏற்றிவிட்டு, முட்டியை நான்கு விரல் அளவு மடக்கி நிமிர்ந்து, "120 கிலோ ஸ்குவாட்" என்று கைப்பேசியில் பதிவுசெய்கிற காட்சியை எந்தக் கூடத்திலும் பார்க்கலாம். அந்த நான்கு விரலில் பலம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே உள்ள எல்லாக் கோணமும் அந்நியமாகவே இருக்கும். "எடை தூக்கினால் உடம்பு இறுகும்" என்ற பேச்சுக்கு விதை போட்டவர்கள் இவர்கள்தான் என்பது என் சந்தேகம். பாதித் தட்டைக் கழற்றி ரேக்கில் வைத்துவிட்டு, ஆழமாக உட்கார்ந்து எழுவது மேல்.

நீண்ட நிலையில் தசைக்கு வேலை கொடுப்பது அதை வளர்க்கவும் உதவுகிறது. தொடையின் பின்தசைக்கான லெக் கர்ல் இயந்திரம் இரண்டு வகை: குப்புறப் படுத்துச் செய்வது, உட்கார்ந்து செய்வது. உட்கார்ந்தால் இடுப்பு மடங்கியிருப்பதால் அந்தத் தசை ஏற்கெனவே நீண்டிருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 12 வாரம் இரண்டையும் ஒப்பிட்டபோது, உட்கார்ந்து செய்த காலில் பின்தொடைத் தசை சுமார் 14 விழுக்காடு வளர்ந்தது; படுத்துச் செய்த காலில் 9 விழுக்காடு.

தொடக்கக்காரர் ஒரே ஒரு பயிற்சி கேட்டால் ருமேனியன் டெட்லிஃப்டைச் சொல்வேன். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ருமேனியப் பளுதூக்கு வீரர் நிக்கு விலாட் அமெரிக்காவில் செய்துகாட்டியதைப் பார்த்து அங்குள்ளவர்கள் வைத்த பெயர் என்பார்கள். பெயர் கிடக்கட்டும், செய்முறை இதுதான். வெறும் பாரே 20 கிலோ இருக்கும். அது அதிகம் என்றால் கைக்கு ஒன்றாக இரண்டு டம்பெல் போதும். பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, பாரைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து நிற்கவும். முட்டியை லேசாக மடக்கி அந்த மடிப்பை மாற்றாமல் வைத்துக்கொள்ளவும். இப்போது குனியாதீர்கள், புட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். பின்னால் ஒரு சுவர் இருக்கிறது, அதைப் புட்டத்தால் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பார் தொடையை உரசிக்கொண்டே இறங்கும். மூன்று நொடி எடுத்து இறக்குங்கள். முட்டிக்குக் கீழே எங்கோ ஓர் இடத்தில் பின்தொடை நன்றாக இழுக்கும்; இன்னும் இறக்கினால் கீழ்முதுகு வளையத் தொடங்கும். அந்த வளைவுக்கு முந்தைய இடம்தான் இன்றைய உங்கள் எல்லை. அங்கே ஒன்றிரண்டு நொடி நின்று, புட்டத்தை இறுக்கி நிமிருங்கள்.

எட்டு முறை, மூன்று சுற்று. பக்கவாட்டிலிருந்து ஒரு காணொளி எடுத்துப் பாருங்கள், முதுகு எங்கே வளைகிறது என்று கண்ணாடியைவிட அது நேர்மையாகச் சொல்லும். சில வாரங்களில் அதே எடை இன்னும் கீழே இறங்கும். ஆழம் நிலைத்தபிறகே எடையைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கூட்ட ஆசைப்படுகிறவர்கள்தான் மறுநாள் படியிறங்கக் கைப்பிடியைத் தேடுவார்கள்.

கணுக்கால் என்ற மறந்துபோன மூட்டு

ஸ்குவாட்டில் ஆழமாகப் போக முடியாதவர்கள் இடுப்பையே குறை சொல்வார்கள். பலருக்குச் சிக்கல் கணுக்காலில் இருக்கும். சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் அந்த முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். சுலபமாகத் தொட்டால் கணுக்கால் நல்ல நிலையில் இருக்கிறது. 5 சென்டிமீட்டரிலேயே குதிகால் எழும்பினால், ஸ்குவாட்டில் உடம்பு முன்னால் கவிழ்வதற்கான காரணம் கிடைத்துவிட்டது.

இதற்குக் கூடம் தேவையில்லை. வீவக அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டு போதும். பாதத்தின் முன்பகுதியைப் படி விளிம்பில் வைத்து, குதிகாலை மூன்று நொடியில் படிக்குக் கீழே இறக்கி, அடியில் இரண்டு நொடி நின்று, மேலே எழும்புங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். சுலபமானதும் ஒற்றைக் காலில். அதுவும் சுலபமானால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு. கெண்டைக்காலைத் தினமும் ஒரு மணி நேரம் கருவி மாட்டி இழுத்து வைத்தே ஆறு வாரத்தில் பலமும் தசைத் தடிமனும் கூட்டிக் காட்டிய ஜெர்மன் ஆய்வும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் காலை இழுத்துக் கட்டிவைக்க யாருக்கு இங்கே நேரம் இருக்கிறது? படிக்கட்டே நல்லது.

அதுவரை ஸ்குவாட்டில் குதிகாலுக்கு அடியில் சிறிய தட்டு வைத்துக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. பளுதூக்கு வீரர்களின் காலணியில் குதி உயர்ந்திருப்பதும் இதற்குத்தான். அந்த விளையாட்டைப் பார்த்தாலே நம் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் டான் ஹவ் லியாங்; பளுதூக்குதலில் வெள்ளி. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2008 வரை நாடு காத்திருந்தது. தோளும் இடுப்பும் திறக்காமல் அவ்வளவு எடையைத் தலைக்கு மேலே நிறுத்த முடியாது. மிகக் கனமாகத் தூக்குகிறவர்கள் உடம்பு வளையாதவர்கள் என்றால் இந்த விளையாட்டே இருந்திருக்காது.

எதை எப்போது செய்வது

இனி அந்த "பலம் போயிடும் ப்ரோ" விஷயம். ஒரே நிலையில் அசையாமல் பிடித்து வைக்கும் நீட்சியைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் செய்தால் பலம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஒரு தசையை 60 நொடியோ அதற்கு மேலோ பிடித்தால் செயல்திறன் சராசரியாக 4.6 விழுக்காடு குறைந்தது; 60 நொடிக்குக் குறைவாகப் பிடித்தால் 1.1 விழுக்காடு மட்டும். அசைந்துகொண்டே செய்யும் நீட்சியில் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. போட்டியில் நிற்பவருக்கு 4 விழுக்காடு பெரிய விஷயம். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து ஜாலான் புசாரிலோ தெம்பனிசிலோ உள்ள ஆக்டிவ்எஸ்ஜி கூடத்துக்குப் போகும் நமக்கு 1 விழுக்காடு ஒன்றுமே இல்லை. ஆகவே நீட்சியைக் கைவிட வேண்டியதில்லை. நீளமான பிடிப்புகளைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் போதும்.

போனவுடன் ஐந்து நிமிடம் சைக்கிள் அல்லது வேகநடை. நம் ஊர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வந்தாலே சட்டை நனைந்துவிடும். அதை வைத்து "வார்ம் அப் முடிந்தது" என்று நினைத்துவிடாதீர்கள். வியர்ப்பது தோல். மூட்டும் தசையும் தயாராக வேண்டுமானால் அவற்றை அசைக்க வேண்டும். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது, நடந்துகொண்டே ஒவ்வோர் அடியிலும் முன்காலை மடக்கி இறங்கி எழும் 'லஞ்ச்' (lunge), எடை இல்லாமல் ஆழமான ஸ்குவாட், தோள் சுழற்றல். கணுக்காலோ இடுப்போ அன்று மிகவும் பிடித்திருந்தால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் 20, 30 நொடி நீட்சி கொடுத்துவிட்டு மறுபடி அசையுங்கள்.

அடுத்து எடையைப் படிப்படியாக ஏற்றுவது. இன்று 60 கிலோ ஸ்குவாட் என்றால், வெறும் பார், பிறகு 40, பிறகு 50, அப்புறம்தான் 60. பலர் இதைத் தாண்டிக் குதிப்பார்கள், ஆனால் முழு வீச்சுக்கு உடம்பைப் பழக்குவதே இந்தச் சுற்றுகள்தான். நல்ல நெகிழ்வுப் பயிற்சியாக இவற்றை நினைத்துச் செய்யுங்கள்: மெதுவாக இறங்கி, அடியில் நின்று, எழுந்து.

தூக்கி முடித்தபின் நீளமான நீட்சிகள். இடுப்பின் முன்புறம், பின்தொடை, மார்பு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலாவது முக்கியம். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கத்துப் புட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் கொஞ்சம் நகர்த்தினால் இழுவை தெரியும். பக்கத்துக்கு 30 நொடி, இரண்டு முறை. இப்படிச் செய்தால் மறுநாள் உடம்புவலி வராது என்ற நம்பிக்கையோடு செய்யாதீர்கள். அதில் நீட்சியின் பங்கு மிக அற்பம் என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. நெகிழ்வுக்காகச் செய்யுங்கள்.

அன்று களைப்பாக இருந்தால் நீட்சியை மறுநாள் மாலைக்குத் தள்ளலாம். வசந்தம் ஒளிவழியில் தொடர் ஓடும்போது தரையில் உட்கார்ந்து செய்தால் நேரம் போவதே தெரியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் ஒரு நிமிடம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை. எடைப் பயிற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது இரண்டு நாள். இரண்டையும் சேர்த்தாலும் வாரத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது.

அறுபதைக் கடந்தவர்களுக்கும் இதே வழிதான், கருவிகள் மட்டும் மாறும். 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து மெதுவாக எழுவது நல்ல தொடக்கம். பழகப் பழக நாற்காலியைவிடத் தாழ்வான இருக்கைக்கு மாறலாம். எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், முதுகை வளைத்துக் குனியும் நீட்சிகளையும் முதுகை வளைத்து எடை தூக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

நீட்சி தேவைப்படாதவர்கள்

சிலருக்குப் பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருக்கும். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். முழங்கையும் முட்டியும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையும். பயிற்சியே இல்லாமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பார்கள். யோகா வகுப்பில் முதல் வரிசையில் நிறுத்தப்படுகிறவர்களும் இவர்களே. இவர்கள் நீட்சியைக் கூட்டுவதில் லாபம் இல்லை. மூட்டைப் பிடித்து நிறுத்தும் பலம்தான் தேவை. எடை தூக்கும்போது முட்டியையும் முழங்கையையும் கடைசிவரை பின்னால் தள்ளிப் பூட்டாமல், நேர்க்கோட்டிலேயே நிறுத்தப் பழக வேண்டும்.

இன்னொரு வகையினர், எவ்வளவு முயன்றாலும் பாதங்களை நேராக வைத்து ஆழமாக உட்கார முடியாதவர்கள். இடுப்பு மூட்டின் குழி எல்லோருக்கும் ஒரே வடிவம் இல்லை. பாதத்தைக் கொஞ்சம் அகட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பினால் சட்டென்று வழி திறக்கும். எலும்போடு எலும்பு இடிக்கும் இடத்தில் எந்த நீட்சியும் வேலை செய்யாது.

இடிக்கிறதா, இழுக்கிறதா என்று எப்படித் தெரியும்? மூட்டு மடங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், தசையின் நடுவில் அகலமாகப் பரவும் இழுவை என்றால் தொடரலாம். ஸ்குவாட்டின் அடியில் இடுப்பின் முன்மடிப்பில் கிள்ளுவது போலவோ, சுவர்ச் சோதனையில் கணுக்காலின் முன்புறம் முட்டுவது போலவோ இருந்தால், அழுத்திப் பார்க்காமல் பாத அகலத்தையோ கோணத்தையோ மாற்றுங்கள். காலில் மின்சாரம் பாய்வது போலச் சுரீரென்றால், அல்லது மரத்துப்போனால், அது தசையின் இழுவை இல்லை, நரம்பு. அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். மறுநாளும் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டி, இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பயிற்சியில், எந்தக் கோணத்தில் வந்தது என்பதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு முதலில் வேண்டியது அந்தத் தகவல்தான்.